ஜெர்ட்டி கோரி அம்மையார்

விளையாட்டு விழாவன்று நானூறு மீட்டர் ஓட்டத்தின் முடிவிலே புற்றரையிற் சாய்ந்து, தொடையைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கும் மாணவரை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். சிறிது நேரஞ் சென்றபின் அவரே எழுந்து, ஒன்றும் நேராதவர்போல அடுத்த பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கச் செல்கின்றார். அந்த இடைவேளையிலே அவருடைய தசைக்கும் ஈரலுக்கும் நடந்த கொடுக்கல் வாங்கல் யாது? அதனை முதன்முதல் அளந்து கணக்கெழுதிக் காட்டியவர்கள் ஒரு கணவனும் மனைவியும் ஆவர். கணவர் கார்ல் கோரி. மனைவி ஜெர்ட்டி கோரி. இவ்விருவருள் அம்மையாரின் வாழ்க்கையையே ஈண்டு எழுதப் புகுந்தோம். இருவரையும் பிரித்தெழுதல் எளிதன்று என்பதை முன்னரே கூறிவிடுகின்றோம்.

1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15-ஆந் தேதி, அக்காலத்தில் ஆஸ்திரிய-ஹங்கேரிய சாம்ராஜ்யத்துக்கு உட்பட்டிருந்த பிராக் நகரில், யூத குடும்பமொன்றிலே ஜெர்ட்டி திரேசா ராட்னிட்ஸ் பிறந்தார். புதல்வியர் மூவருள் இவரே மூத்தவர். தந்தையார் இரசாயனம் கற்றவர். பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலைகளை நிர்வகித்து வந்தவர். சர்க்கரை ஆலைக்காரர் மகள் தம் ஆயுள் முழுவதும் சர்க்கரையையே ஆராய்ந்தார் என்பது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் அதனைச் சொல்லாமற் கடந்து செல்ல நமக்கு மனம் வரவில்லை.

பத்து வயதுவரை வீட்டிலும், பின்பு பெண்களுக்கென அமைந்த பள்ளியிலும் இவர் கல்வி கற்றார். அப்பள்ளியிற் கற்பித்தவை நல்ல குடும்பத்துப் பெண்டிருக்கு ஏற்றவையென அக்காலத்தார் எண்ணிய பாடங்களேயன்றிச் சர்வகலாசாலை வாயிலைத் திறக்க வல்லவை அல்ல. பதினாறாம் வயதில் வைத்தியம் கற்பதென்று இவர் துணிந்தபோது, லத்தீன், கணிதம், பௌதிகம், இரசாயனம் என்னும் நான்கிலும் போதிய பயிற்சி இல்லாதவராகவே இருந்தார். குழந்தை வைத்தியப் பேராசிரியராயிருந்த மாமன் ஒருவர் ஊக்கமளித்தார். ஏனையோர் பல ஆண்டுகளிற் கற்கும் லத்தீனையும் சாஸ்திரங்களையும் ஏறக்குறைய ஓராண்டிற் கற்று, 1914-இல் நுழைவுப் பரீட்சையில் தேறி, பிராக் நகரத்து ஜெர்மன் சர்வகலாசாலையின் வைத்தியப் பகுதியிற் சேர்ந்தார். தாம் எழுதிய பரீட்சைகளுள் அதுவே மிகக் கடினமானதென்று அவர் பிற்காலத்திலும் நினைவு கூர்வதுண்டாம்.

முதலாண்டிலேயே, உடன் கற்ற கார்ல் கோரியோடு பழக்கம் உண்டாயிற்று. கார்லும் பிராக் நகரிற் பிறந்தவரே. ஆயினும் தந்தையார் கடல்வாழ் உயிர்களை ஆராயும் நிலையத்தின் தலைவராயிருந்த டிரியெஸ்ட் துறைமுகத்தில் வளர்ந்தவர். இருவர்க்கும் மலையேறுதலில் பெருவிருப்பம். இருவர்க்கும் ஆராய்ச்சியில் அதனினும் பெருவிருப்பம். இடையே முதல் உலகப்போர் மூண்டது. கார்ல் படையிற் சேர்க்கப்பட்டார். போர் முடிந்து அவர் மீண்டபின், 1920-இல் இருவரும் பட்டம் பெற்றனர். தம் முதற் கட்டுரையைக் கூட்டாக வெளியிட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே மணமும் புரிந்துகொண்டனர். மணத்தின்பொருட்டு ஜெர்ட்டி கத்தோலிக்க சமயத்தைத் தழுவினார். ஆயினும் யூத குலத்திற் பிறந்தவளை மணந்தால் மகனுடைய முன்னேற்றம் கெடுமோ என்ற அச்சம் கார்லின் வீட்டாரை விட்டு நீங்கவில்லை.

போருக்குப் பிந்திய வியன்னாவில் உணவுக்கே பஞ்சம். ஜெர்ட்டி அங்கே குழந்தைகள் மருத்துவமனையொன்றில் பணியாற்றினார். போஷணைக் குறைவினால், வைட்டமின் ஏ இன்மையால் வரும் கண்ணோய் அவரைப் பற்றிற்று. நோயாளிக் குழந்தைகளைக் காக்க வந்த வைத்தியர் தாமே பட்டினி நோய்க்கு ஆளானார் என்றால் அந்நகரின் நிலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம். ஐரோப்பாவில் தமக்கு வாழ்வில்லையெனத் தம்பதிகள் முடிவு செய்தனர். ஜாவாத் தீவிலே வைத்தியராகச் செல்வதற்குக்கூட டச்சு அரசாங்கத்துக்கு விண்ணப்பித்திருந்தனர். அதற்குள் அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்துப் பஃபலோ நகரத்திலிருந்து கார்லுக்கு அழைப்பு வந்தது. அங்கே புற்றுநோயை ஆராய்வதற்கென மாகாண அரசு ஒரு நிலையம் நடத்தி வந்தது. 1922-இல் கார்ல் கப்பலேறினார். சில மாதங்கள் கழித்து ஜெர்ட்டியும் அங்கே துணை நோயியலாளர் வேலை பெற்றுச் சென்று சேர்ந்தார்.

அவருக்கு இட்ட வேலை பூதக்கண்ணாடியின் கீழ் நோயுற்ற திசுக்களைக் காண்பது. அவர் மனமோ கணவருடைய ஆராய்ச்சி மேசையில் இருந்தது. தம் அறையை விட்டு வெளியே வரலாகாதெனவும், கணவரோடு கூடி ஆராய்தலை விடாவிடின் வேலை போய்விடும் எனவும் மேலதிகாரி எச்சரித்தார். சில காலம் அறைக்குள்ளேயே இருந்தார். பின்பு மெல்ல மெல்லப் பழையபடி வெளிப்பட்டார். யாரும் மறுபடி தடுத்திலர்.

அவ்வாண்டுகளின் ஆராய்ச்சியைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். பஃபலோவுக்கு வெகு தூரமில்லாத டொரண்டோவில் 1921-இல் பான்டிங், பெஸ்ட் என்போர் இன்சுலினைக் கண்டெடுத்தனர். இன்சுலினைச் செலுத்தினால் இரத்தத்திற் சர்க்கரை குறைகின்றது. சிறுநீரகத்தின்மேல் அமர்ந்த சுரப்பியிலிருந்து வரும் அட்ரீனலினைச் செலுத்தினால் மிகுகின்றது. இவ்வளவும் எல்லோரும் அறிந்ததே. குறைந்த சர்க்கரை எங்கே போயிற்று, மிகுந்த சர்க்கரை எங்கிருந்து வந்தது என்பதுதான் அறியப்படாதது. தசையும் ஈரலும் சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளாகச் சேமித்து வைக்கின்றன. ஈரலிலுள்ள அச்சேமிப்பை 1857-இல் பிரெஞ்சு அறிஞர் கிளாடு பெர்னார் பிரித்தெடுத்திருந்தார். தவளைத் தசையை வெட்டியெடுத்துக் காற்றின்றிச் சுருங்கச் செய்தால் கிளைக்கோஜன் லாக்டிக் அமிலமாகிறதென மேயர்ஹாப் காட்டியிருந்தார். ஆயினும் உயிரோடிருக்கும் முழு உடம்பின் வரவுசெலவை எவரும் கூட்டிப் பார்த்திலர்.

கோரி தம்பதிகள் எலிகளுக்கு அளந்து சர்க்கரை ஊட்டினர். குடலில் எஞ்சியது எவ்வளவு, உட்சென்றது எவ்வளவு, எரிந்துபோனது எவ்வளவு, ஈரலில் சேர்ந்தது எவ்வளவு, தசையிற் சேர்ந்தது எவ்வளவு என ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்தனர். பின்னர் அட்ரீனலினைச் செலுத்தி மறுபடியும் அளந்தனர். தசையிலுள்ள கிளைக்கோஜன் குறைந்தது; ஈரலிலோ சில மணி நேரத்தில் கூடிற்று! தசை இழந்தது ஈரலை அடைந்தது எவ்வழியே? தசை சர்க்கரையை நேரே இரத்தத்துக்கு ஈந்துவிட இயலாது. அதற்கு வேண்டிய என்சைம் ஈரலில் உண்டு, தசையில் இல்லை. ஆதலின் தசை தன் கிளைக்கோஜனை லாக்டிக் அமிலமாக்கி இரத்தத்தில் விடுகின்றது. ஈரல் அதனை ஏற்று மீண்டும் சர்க்கரையாக்குகின்றது. அச்சர்க்கரை இரத்த வழியே திரும்பவும் தசைக்குச் செல்கின்றது. 1929-இல் அவர்கள் வரைந்து காட்டிய இவ்வட்டமே இன்றும் கோரி வட்டமெனப் பாடநூல்களில் வழங்குவது. நம் ஓட்டக்காரர் புற்றரையிற் கிடக்கும்போது சுழல்வதும் இதுவே. இன்சுலினோ தசையிற் கிளைக்கோஜன் பெருகுவதற்குத் துணை செய்வது. எனவே, சுரப்பிகள் விடுக்கும் செய்தி தசைக்கு ஒரு வகையாகவும் ஈரலுக்கு வேறு வகையாகவும் பொருள்படுகின்றது என்பது அன்றே புலனாயிற்று.

1928-இல் இருவரும் அமெரிக்கக் குடிகளாயினர். பல சர்வகலாசாலைகள் கார்லை அழைத்தன. மனைவியை அழைக்க விரும்பியது ஏறக்குறைய எதுவுமில்லை. ஓரிடத்தார், அவர் மனைவியோடு கூடி ஆராய்தலைக் கைவிட்டால் பதவி தருவதாகக் கூறினர். ஜெர்ட்டியைத் தனியே அழைத்து, கணவனுடைய முன்னேற்றத்துக்கு நீர் தடையாயிருக்கின்றீர், கணவனும் மனைவியும் ஒன்றாக ஆராய்வது அமெரிக்க வழக்கமன்று என்று போதித்தனர். அவர் கண்ணீர் விட்டார் என்பர். கார்ல் அப்பதவியை ஏற்கவில்லை. பிரிந்து எழுதினால் இருவரும் குறைவுபடுவர் என்பது அவர் துணிபு. அத்துணிபு இல்லாதிருப்பின் இக்கட்டுரைக்கு இடமே இருந்திராது.

1931-இல் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலையின் வைத்தியக் கல்லூரி கார்லுக்கு மருந்தியல் துறைத் தலைமையை அளித்தது. ஜெர்ட்டிக்குக் கிடைத்தது ஆராய்ச்சித் துணைவர் என்னும் பெயரும், கணவர் சம்பளத்தின் சிறு பங்கும். எலியை விட்டுத் தவளைத் தசைக்கு வந்தனர் இருவரும். முழு உடம்பை விட்டு அரைத்த தசைக்கு வந்தனர். கிளைக்கோஜன் உடையும்போது முதலில் உண்டாவது யாது என்பதே இப்போது கேள்வி. அரைத்து அலம்பிய தசையைப் பாஸ்பேட்டோடு வைத்து அளந்தபோது, அதுவரை அறிந்த பொருள்களைக் கூட்டினால் கணக்குச் சரிவரவில்லை. ஏதோ ஒரு பொருள் ஒளிந்திருந்தது. 1936-இல் அதனைப் பிரித்தெடுத்தனர். குளுக்கோஸின் முதற் கரியணுவோடு பாஸ்பேட் இணைந்த அப்பொருளுக்குக் கோரி எஸ்ட்டர் என்பது பெயராயிற்று. பாஸ்பரஸைச் சிறு அளவிலும் பிழையின்றி அளக்க அக்கால ஆராய்ச்சிசாலைகளிற் பெரிதும் வழங்கிய முறையை 1925-இல் ஹார்வர்டில் பிஸ்க்கென்பவரோடு கூடி வகுத்தவர், சென்னை வைத்தியக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பதை நம் மாணவர் அறிந்திருத்தல் நன்று.

அந்த 1936-ஆம் ஆண்டு கோடை செயின்ட் லூயிஸில் மிகக் கொடியதாயிருந்தது. ஆராய்ச்சிசாலையிற் குளிர்ச்சிக்கு ஏற்பாடு ஒன்றுமில்லை. ஜெர்ட்டி அப்போது கருவுற்றிருந்தார். பிரசவத்துக்கு மருத்துவமனை செல்லும் வரையிலும் மேசையை விட்டு அகலவில்லை. ஆகஸ்டில் அவர்களுடைய ஒரே மகன் பிறந்தான். மணமாகிப் பதினாறு ஆண்டுகளுக்குப் பின் பிறந்த பிள்ளை!

கோரி எஸ்ட்டரை உண்டாக்கும் என்சைமுக்குப் பாஸ்பாரிலேஸ் என்று பெயரிட்டனர். 1939-இல் அதே என்சைமைக் கொண்டு சோதனைக்குழாயில் மாவுப்பொருளைக் கட்டியும் காட்டினர். உயிருக்கு வெளியே அத்தகைய பெருமூலக்கூறு ஒன்றைக் கட்டிய செய்தி அறிஞர் உலகை வியப்பில் ஆழ்த்திற்று. உயிருள்ள தசையில் கிளைக்கோஜன் கட்டப்படுவது வேறு வழியே என்பது பின்னர் வெளியாயிற்று. 1957-இல் அதைக் காட்டிய ஆர்ஜென்டினா நாட்டு லெலுவார் இவர்களுடைய ஆராய்ச்சிசாலையில் முன்பு சில மாதம் இருந்து சென்றவரே. 1942-இல் ஆர்டா கிரீன் என்னும் அம்மையாரோடு கூடிப் பாஸ்பாரிலேஸைப் படிகமாக எடுத்தனர். அப்போது அது இருவகையாய் இருப்பதைக் கண்டனர். ஒன்று தானே வேலை செய்வது. மற்றொன்று அடினிலிக் அமிலம் என்னும் துணைப்பொருள் இருந்தாலன்றி வேலை செய்யாதது. முன்னதைப் பின்னதாக மாற்றும் மற்றோர் என்சைமும் தசையிலேயே உள்ளது. அடினிலிக் அமிலத்தைப் பற்றுவித்தும் பிரித்தும் அம்மாற்றம் நிகழ்வதாக அவர்கள் கருதினர்.

அக்கருத்துப் பிழையாயிற்று. 1955-இல் சியாட்டிலில் பிஷர், கிரெப்ஸ் என்னும் இருவர் உண்மையைக் கண்டனர்: பாஸ்பேட் ஒன்று புரதத்தின்மேல் ஒட்டினால் என்சைம் விழித்துக்கொள்கின்றது, நீங்கினால் உறங்குகின்றது. இக்கிரெப்ஸும் கோரி ஆராய்ச்சிசாலையில் வளர்ந்தவர். அட்ரீனலின் தசையின் வெளிப்புறத்தைத் தொட்ட மாத்திரத்தில் உள்ளே கிளைக்கோஜன் உடைவது எங்ஙனம் என்பதை அங்கே பயின்ற மற்றொருவரான சதர்லாந்து ஆராய்ந்தார். அட்ரீனலின் உள்ளே நுழைவதில்லை; உயிரணுவின் உறையில் அது தட்ட, உள்ளே வளைய அடினிலிக் அமிலம் என்னும் இரண்டாந் தூதன் புறப்பட்டுச் செய்தியைக் கொண்டு செல்கின்றான் என்று அவர் காட்டினார். அத்தூதன் எழுப்பும் என்சைம் வரிசையின் கடைசியில் நிற்பது ஜெர்ட்டி படிகமாக்கிய அதே பாஸ்பாரிலேஸ். ஆசிரியருடைய பிழையைத் திருத்தியவர்கள் அவர் மாணவர்களும் அவர் தந்த கருவிகளுமே. இதனைக் குறையென்று நாம் கருதவில்லை.

இன்சுலினைப் பற்றியோ அவர்கள் இன்னும் பெரிதாகத் தவறினர். குளுக்கோஸை உயிரணுவுக்குள் பிணைக்கும் ஹெக்ஸோகினேஸ் என்னும் என்சைமை மூளையடிச் சுரப்பியின் சாறு தடுப்பதாகவும், இன்சுலின் அத்தடையை நீக்குவதாகவும் 1945-இல் அவர்கள் கூட்டத்தார் எழுதினர். கேட்பதற்கு மிக அழகிய விளக்கம். ஆயினும் பிறர் செய்து பார்த்தபோது நிலையாக வாய்க்கவில்லை. 1949-இல் சிக்காகோவில் லெவின் என்பார், இன்சுலின் வேலை செய்வது வாயிலிலேதான், அதாவது சர்க்கரை உயிரணுவுக்குட் புகும் இடத்தில்தான் எனக் காட்டினார். இன்று நாம் அறிவது இது: தசையுறையில் இன்சுலினை ஏற்கும் புரதம் ஒன்று நிற்கின்றது, இன்சுலின் பற்றியவுடன் அதன் உட்புறம் என்சைமாகி, அடுத்தடுத்த புரதங்களின்மேற் பாஸ்பேட்டை ஏற்றுகின்றது, அச்செய்தி சென்றவிடத்து, உள்ளே பைகளில் மறைந்திருந்த சர்க்கரைக் கடத்திகள் உறைக்கு வந்து வாயில் திறக்கின்றன, கிளைக்கோஜன் கட்டும் என்சைமும் விழிக்கின்றது. இவ்விடையறாச் சங்கிலியிலே பாஸ்பேட் ஏறுவதும் இறங்குவதுமே மொழி. அம்மொழியின் முதல் எழுத்தை, அது எழுத்தென்று அறியாமலே, ஜெர்ட்டி தம் படிகங்களிற் கண்டிருந்தார்.

வளர்ச்சியூக்கிகள் பேசுவதும் ஏறக்குறைய இதே மொழியாம். வளர்ச்சிச் சுரப்பு நேரே வேலை செய்யாமல் இரத்தத்திலுள்ள வேறொரு பொருளை இடைநிறுத்தி வேலை செய்கின்றதென 1957-இல் சால்மன், டாகடே என்னும் இருவர் அதே செயின்ட் லூயிஸ் வைத்தியக் கல்லூரியிலிருந்து வெளியிட்டனர். அப்பொருளின் அமைப்பு 1978-இல் தெரிந்தபோது அது இன்சுலினுக்கு உடன்பிறப்புப் போலிருக்கக் கண்டனர். தசையில் அது புரதம் கட்டும் வேலையை முடுக்குகின்றது. புரதம் சிதையும் வேலையைத் தணிக்கின்றது. உடற்பயிற்சி செய்வார் தோள் திரள்வதில் அதற்கும் பங்குண்டு. நரம்பு வளர்ச்சியூக்கியை லெவி-மொண்டால்சினி அம்மையாரும் கோஹனும் ஆராய்ந்ததும் அச்சர்வகலாசாலையிலேதான், அந்த 1950-களிலேதான்.

1943-இல் ஜெர்ட்டிக்குத் துணைப்பேராசிரியர் பதவி கிடைத்தது. பேராசிரியர் பதவி கிடைத்தது 1947-இல். பதினாறு ஆண்டுக் காத்திருப்புக்குப்பின் வந்த அப்பதவியைத் தொடர்ந்து, அவ்வாண்டிலேயே நோபல் பரிசும் வந்தது. வைத்தியத்துக்குரிய அப்பரிசின் ஒரு பாதி கோரி தம்பதிகளுக்கும், மறுபாதி மூளையடிச் சுரப்பியை ஆராய்ந்த ஆர்ஜென்டினாவின் உசேய்க்கும் வழங்கப்பட்டன. அத்துறையில் அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணி இவரே. உலகம் ஒப்புக்கொண்டதை ஊர் சிறிது முன்னதாகவே ஒப்புக்கொண்டுவிட்டதைப் பற்றிச் சர்வகலாசாலை மகிழ்ந்திருக்கலாம். சில மாதங்களே முன்னதாக என்பதை நாம் குறித்து வைக்கின்றோம்.

அவ்வாண்டுக் கோடையில் கொலராடோ மலைகளில் ஏறும்போதுதான் அவருக்கு முதன்முதல் மூச்சுத் திணறிற்று. மலையேறுதலிற் பழகியவர்க்கு இஃதென்ன என்று வியந்தனர். பரிசு பெற ஸ்டாக்ஹோமுக்குப் புறப்படும் தறுவாயில் காரணம் தெரிந்தது. எலும்பு மஜ்ஜை மெல்ல நாராகி, இரத்தம் ஊறுவது நின்றுபோகும் நோய், தீர்வில்லாதது. இருவரும் அதனை அறிந்துகொண்டே மன்னர் சபையிற் சென்று பரிசைப் பெற்று வந்தனர்.

அதன்பின் பத்தாண்டு உயிரோடிருந்தார். பிறர் இரத்தத்தை அடிக்கடி ஏற்றிக்கொண்டே பணியாற்றினார். ஆராய்ச்சிசாலையை அடுத்த சிறு அறையில் ஒரு கட்டில் இடப்பட்டது. களைத்தபோது சிறிது படுத்திருந்து மறுபடியும் மேசைக்கு வருவார். மாணவரிடம் கடிந்து பேசுதல் உண்டு. அளவையில் அயர்ந்தவரை அவர் பொறுப்பதில்லை. இலக்கியம், சரித்திரம் எனப் பல புத்தகங்களை வாரந்தோறும் நூல்நிலையத்திலிருந்து தருவித்துப் படிப்பதும் நிற்கவில்லை.

இப்பத்தாண்டில் அவர் எடுத்துக்கொண்டது குழந்தைகளின் நோய். சிறு வயதில் பணியாற்றிய வியன்னா மருத்துவமனையின் நினைவு அவரை அங்கே இழுத்ததோ அறியோம். சில குழந்தைகளுக்கு ஈரல் பெருத்துக் கிளைக்கோஜன் அளவின்றித் தேங்கும். அத்தனையும் ஒரே நோயென வைத்தியர் எண்ணியிருந்தனர். கிளைக்கோஜன் மரக்கிளைபோலக் கிளைவிடும் அமைப்பை என்சைம்களைக் கொண்டே கழித்துக் கழித்துக் கண்டறிந்த இவர், நோயாளிகளின் திசுக்களை அதே முறையில் ஆராய்ந்தார். 1952-இல், ஒரு வகையினர்க்கு ஈரலிலே சர்க்கரையை விடுவிக்கும் என்சைம் இல்லை எனக் கணவரோடு கூடிக் காட்டினார். வேறொரு வகையினர்க்குக் கிளை வெட்டும் என்சைம் இல்லை. அவ்வகை கோரி நோய் என்றே வழங்குகின்றது. பரம்பரையாய் வரும் நோய் ஒரே ஓர் என்சைமின் குறைவினால் உண்டாகலாம் என்பதற்கு ஈரலிலிருந்து கிடைத்த முதற் சான்று இது. தசைப் பாஸ்பாரிலேஸே இல்லாதவர்களும் உளர் என்பது அவர் இறந்தபின் 1959-இல் தெளிவாயிற்று. அத்தகையோர் சிறிது ஓடினாலும் தசை பிடித்துக்கொள்ளும். அவர் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறுவதேயில்லை.

1957-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 26-ஆந் தேதி, செயின்ட் லூயிஸை அடுத்த கிளென்டேலில் தம் இல்லத்தில் ஜெர்ட்டி கோரி காலமானார். வயது அறுபத்தொன்று. அவர்கள் ஆராய்ச்சிசாலையிற் பழகிச் சென்ற கார்ன்பெர்க், ஓச்சோவா, லெலுவார், சதர்லாந்து, டி டூவ், கிரெப்ஸ் என்னும் அறுவர் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றனர்.

2008-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்கத் தபால் இலாகா அவருடைய உருவம் பொறித்த 41 சென்ட் தபால் தலையை வெளியிட்டது. உருவத்தினருகே கோரி எஸ்ட்டரின் இரசாயன அமைப்பு வரையப்பட்டிருந்தது. அதிற் பாஸ்பேட்டின் இணைப்பு பிழையாய் அச்சாகியிருந்ததை இரசாயனம் கற்றோர் கண்டு சொன்னார்கள். அச்சிட்ட தலைகள் அப்படியே விலையாயின.